வயிற்று எரிச்சல் மாத்திரை: எப்போது, எப்படி, எத்தனை நாள்?

(நமது டிரஸ்டின் மாதாந்திர நலவாழ்வுக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின், நமது இலவச மருந்தகத்தில் பணியாற்றும் மருந்தாளுநர் சகோதரர் ஆற்றிய உரையும், முடிவில் கேட்கப்பட்ட கேள்விகளும். ரமளான் நெருங்குவதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



என்னை உங்களில் பலருக்குத் தெரியும். நான் டாக்டர் இல்லை. மருந்தாளுநர். டிரஸ்டின் மருந்தகத்துக்கு வருவதற்கு முன்னால் 22 வருஷம் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நின்றவன். அந்த 22 வருஷத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட மருந்து எது என்று கேட்டால், தலைவலி மாத்திரை இல்லை, காய்ச்சல் மாத்திரை இல்லை. “ஒரு கேஸ் மாத்திரை கொடுங்க காக்கா” என்பதுதான்.

நானும் கொடுத்திருக்கிறேன். சீட்டு எங்கே என்று கேட்காமல், யாருக்கு என்று கேட்காமல், அட்டையைக் கத்தரித்து இரண்டு, மூன்று என்று கொடுத்திருக்கிறேன். அந்த அட்டையின் பின்னால் சிவப்புக் கோடு போட்டு, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று அச்சடித்திருக்கும். கத்தரிக்கும்போது அந்த எழுத்துதான் முதலில் துண்டாகும்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். என் லாத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான். வயது 52. சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். சுகர் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இஷாவுக்குப் பிறகு கடைக்கு வந்தார். “நெஞ்சுக்கு நடுவுல அமுக்குற மாதிரி இருக்கு மாப்புள. பிரியாணி கொஞ்சம் கூடப் போச்சு. ஒரு கேஸ் மாத்திரை கொடு” என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கல்யாண வீட்டுக் கூட்டம், புழுக்கம் என்று நினைத்தேன். ஒரு கேப்சூலும், குடிக்க ஆன்டாசிட் சிரப்பும் கொடுத்தேன். அங்கேயே குடித்தார். ஏப்பம் வந்தது. “இப்ப தேவலை” என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ராத்திரி ஒரு மணிக்கு லாத்தா போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அஜல் முடிந்துவிட்டது என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டையை நான் பார்த்தேன் என்பதும் உண்மை. லாத்தா இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சின் நடுவில் அமுக்கம், இறுக்கம், பாரம். கூடவே வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குமட்டல், கண் இருட்டுதல். இவற்றில் எது இருந்தாலும் அது “கேஸ்” என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. ஏப்பம் விட்டதும் குறைந்தது, சிரப் குடித்ததும் குறைந்தது என்பதெல்லாம் ஹார்ட் அட்டாக் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. சுகர் உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் வலி தெளிவாக வராமல், வெறும் அசதியும் மேல்வயிற்று எரிச்சலுமாகக் கூட மாரடைப்பு வரும். 108-ஐக் கூப்பிடுங்கள், ஈசிஜி எடுங்கள். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் அவசர மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்து அது வெறும் கேஸ்தான் என்று தெரிந்தால் சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள். டாக்டர் முன்னால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, மாத்திரைக்கு வருவோம்.

நாம் கேஸ் மாத்திரை என்று சொல்வது கேஸுக்கான மாத்திரையே இல்லை. பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று பெயர்கள். கம்பெனிக்குக் கம்பெனி வெளிப் பெயர் மாறும், உள்ளே இருப்பது இதுதான். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்து. வயிறு உப்புசம், காற்றுப் பிரியாமல் இருப்பது, மலச்சிக்கல் இவற்றுக்கெல்லாம் இது மருந்து இல்லை. நெஞ்செரிச்சல், புளித்த நீர் தொண்டைக்கு ஏறும் எதுக்களிப்பு, குடல்புண் என்று நாம் சொல்கிற அல்சர் இவற்றுக்கு நல்ல மருந்து. 1980-களின் கடைசியில் ஒமெப்ரசோல் வந்த பிறகு, எத்தனையோ பேர் அல்சர் ஆபரேஷனிலிருந்து தப்பினார்கள். மருந்தைக் குறை சொல்ல நான் நிற்கவில்லை. நாம் அதைப் போடுகிற விதத்தைத்தான் சொல்கிறேன்.

நூற்றுக்கு எத்தனை பேர் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. கவுண்டரில் நான் பார்த்தவரை பாதிப் பேராவது இதைச் சாப்பிட்ட பிறகுதான் போடுகிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு, எரிச்சல் வந்த பிறகு. அப்படிப் போட்டால் பெரும் பகுதி வீண். ஏன் என்று கேளுங்கள்.

வயிற்றின் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. நம் வீட்டு மேல்தொட்டி மோட்டார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு வரும்போதுதான் அவை வேலைக்கு இறங்கும். இந்த மருந்து ஓடுகிற மோட்டாரை மட்டும்தான் பிடித்து நிறுத்தும். நிற்கிற மோட்டாரை ஒன்றும் செய்யாது. அதோடு, மருந்து ரத்தத்தில் இருப்பது ஓரிரு மணி நேரம்தான். எனவே மோட்டார் ஓடத் தொடங்கும்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதற்காகத்தான் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் என்று சீட்டில் எழுதுகிறார்கள். போட்ட பிறகு கட்டாயம் சாப்பிடவும் வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு மதியம் வரை வெறும் டீயில் ஓட்டினால் அதுவும் சரியில்லை.

அப்படி ஒரு தடவை பிடித்து நிறுத்திய பம்பு அன்று முழுக்க எழாது. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும். முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு நாள் ஆகும். “போட்டேன், உடனே கேக்கல” என்று அன்றைக்கே இரண்டாவது போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உடனே எரிச்சல் அடங்க வேண்டுமென்றால் அதற்குச் சிரப் இருக்கிறது. அந்தச் சிரப்பையும் வேறு மாத்திரைகளோடு சேர்த்துக் குடிக்காமல், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

இன்னொன்று. இந்த மாத்திரையின் மேல் ஒரு பூச்சு இருக்கும். மருந்தை வயிற்று அமிலமே கரைத்து அழித்துவிடும் என்பதால், அது பத்திரமாகக் குடலுக்குப் போய்க் கரையட்டும் என்று போட்ட பூச்சு. மூத்தவர்களுக்கு விழுங்க முடியவில்லை என்று உரலில் இடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறார்கள். இடித்தால் பூச்சு போய்விட்டது, மருந்தும் போய்விட்டது. விழுங்க முடியாதவர்களுக்கு வேறு வடிவங்கள் உண்டு, டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

இனி, எத்தனை நாள் என்பது. எனக்கு இதில்தான் கவலை அதிகம். எதுக்களிப்புக்கு வழக்கமாக 4 முதல் 8 வாரம். முன்குடலில் புண் என்றால் 4 வாரம், இரைப்பையில் புண் என்றால் 8 வாரம் என்பது பொதுவான கணக்கு. நம் ஊரில் எட்டு வாரம் எட்டு வருஷமாகிவிடுகிறது. எப்படி? ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருந்தபோது எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தும் தொடர்ந்தது. பழைய சீட்டைக் காட்டி மருமகன் வாங்கி வந்தார், பிறகு சீட்டும் கிழிந்துவிட்டது, காலி அட்டையைக் காட்டினால் போதும் என்றாகிவிட்டது. நிறுத்து என்று சொல்ல யாருமே இல்லை.

நம் மருந்தகத்துக்கு ஒரு பெரியம்மா வருவார்கள். கால் இரண்டும் மதமதப்பு, ஊசி குத்துகிற மாதிரி எரிச்சல். மெத்தையில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். மறதியும் வந்திருந்தது. சுகரால் வந்தது என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். பையைக் கொட்டிப் பார்த்தோம். சுகருக்கு மெட்ஃபார்மின் 10 வருஷத்துக்கு மேல். கூடவே கேஸ் மாத்திரை, அதுவும் ஆறு வருஷம். இரண்டுமே நீண்ட நாள் போட்டால் உடம்பில் வைட்டமின் பி12-ஐக் குறைக்கக் கூடியவை. உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். நம் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார், பி12 மிகவும் குறைவாக இருந்தது. ஊசி ஆரம்பித்தார்கள். மறதி கொஞ்சம் தெளிந்தது, கால் மதமதப்பு முழுசாகப் போகவில்லை. முன்னாலேயே பார்த்திருந்தால் இன்னும் மீண்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். பெரியம்மாவுக்கு அந்த மாத்திரை ஆறு வருஷமாக எதற்கு என்று கேட்டோம். “தெரியலயே வாப்பா, எல்லா மாத்திரையும் சூடு, அதுக்கு இது குளிர்ச்சின்னு சொன்னாங்க” என்றார்கள்.

நம் ஊரில் சுகரும் மெட்ஃபார்மினும் இல்லாத வீடு குறைவு. இந்த இரண்டு மாத்திரையையும் வருஷக்கணக்கில் சேர்த்துப் போடுகிறவர்கள், பி12 பார்க்க வேண்டுமா என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேளுங்கள்.

வேறு விளைவுகளும் உண்டு. நீண்ட நாள் போடுகிறவர்களுக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம், தசை இழுப்பு, படபடப்பு வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் இதற்கு எச்சரிக்கை கொடுத்தது. அதிக அளவில் ஒரு வருஷத்துக்கு மேல் போடுகிற வயதானவர்களுக்கு எலும்பு முறிவு கூடுதலாகக் காணப்படுவதாக 2010-லேயே சொன்னது. சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சி வரலாம். குடல் தொற்று, பேதி வரலாம், ஏனென்றால் நாம் விழுங்குகிற கிருமிகளைக் கொல்வதும் அந்த அமிலத்தின் வேலைதான். இரும்புச் சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை போடுகிற பெண்களுக்கு அவை சரியாக உடம்பில் சேராமல் போகலாம். இதெல்லாம் எல்லோருக்கும் வரும் என்று பயந்துவிடாதீர்கள். தேவையோடு போடுகிறவருக்கு நன்மைதான் அதிகம். தேவையே இல்லாமல் போடுகிறவர் எதற்காக இந்த ஆபத்தைச் சுமக்க வேண்டும்?

இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையிலேயே யாரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இது ரொம்ப முக்கியம். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போடுகிறவர்கள், முன்பு வயிற்றில் ரத்தக் கசிவு வந்தவர்கள், மூட்டு வாதத்துக்கு வலி மாத்திரை தொடர்ந்து போட வேண்டியவர்கள், உணவுக்குழாயில் கடும் புண் உள்ளவர்கள், இவர்களுக்கு இந்த மாத்திரை ஒரு காவல். டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ரத்தக் கசிவில் போய் முடியலாம். குளோபிடோக்ரல் போடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அதன் வேலையைக் குறைக்கும். அவர்களுக்குப் பான்டோப்ரசோல் மாதிரி வேறொன்றைத்தான் வழக்கமாக எழுதுவார்கள். கடையில் “அது இல்ல, இது இருக்கு, ரெண்டும் ஒன்னுதான்” என்று சொன்னால் வாங்கி வந்துவிடாதீர்கள். ரெண்டும் ஒன்றில்லை.

நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னவர்களுக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் கொஞ்ச நாள் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். டென்மார்க்கில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2009-ல் வெளியானது. வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 ஆரோக்கியமானவர்கள். பாதிப் பேருக்கு 8 வாரம் இந்த வகை மாத்திரை, மற்றவர்களுக்கு 8 வாரம் மருந்தில்லாத வெறும் மாத்திரை, பிறகு 4 வாரம் எல்லோருக்கும் வெறும் மாத்திரை. மருந்தை நிறுத்திய அந்த நான்கு வாரத்தில், மருந்து போட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளியேப்பம் போன்ற தொந்தரவு வந்தது, மற்றவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். ஒரு வியாதியும் இல்லாதவர்களுக்கே மருந்தை நிறுத்தியதால் எரிச்சல்! நம் ஆட்கள் நிறுத்திய மூன்றாம் நாள் எரிச்சல் வந்ததும், “பாத்தீங்களா, இது இல்லாம என்னால முடியாது” என்று மறுபடி ஆரம்பிப்பதற்கு இதுதான் காரணம். சிலருக்கு டாக்டர் அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி நிறுத்தச் சொல்வார். இடையில் எரிந்தால் சிரப் குடித்துச் சமாளிக்கலாம். சில வாரத்தில் அடங்கிவிடும், இன்ஷா அல்லாஹ்.

‘டி’ என்று முடிகிற கேப்சூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் அமில மருந்தோடு டோம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தும் சேர்ந்திருக்கும். பலருக்கு அது தேவையே இல்லை. ஐரோப்பாவில் 2014-ல் அந்த மருந்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். ஒரு தடவைக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று. காரணம், இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கலாம், குறிப்பாக 60 வயதைத் தாண்டியவர்களுக்கு. நம்மவர்கள் அதையே மாதக்கணக்கில் போடுகிறார்கள். சில ஆன்டிபயாடிக், படைக்கான ஃப்ளூகோனசோல் மாத்திரை இவற்றோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். நீங்கள் போடுவது ‘டி’ உள்ளதா, இல்லாததா என்று இன்று வீட்டுக்குப் போனதும் அட்டையைப் பாருங்கள்.

அட்டையைப் பார்க்கும்போது பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள், அடியில் உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள். சுகர் டாக்டர் ஒரு பெயரில், மூட்டு டாக்டர் இன்னொரு பெயரில் எழுதியிருப்பார், உள்ளே ஒரே மருந்து. இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வலி மாத்திரைக்கு வருகிறேன். முட்டி வலி, இடுப்பு வலி என்று டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன். வயிற்றுப் புண்ணுக்கு இவை ஒரு பெரிய காரணம். வலியே தெரியாமல் புண்ணாகி ரத்தம் கசியும். நம் தாய்மார்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கேஸ் மாத்திரையைச் சேர்த்துப் போட்டால் வலி மாத்திரை ஒன்றும் செய்யாது என்று. இரைப்பையை ஓரளவு காக்கும். சிறுநீரகத்தைக் காக்காது. நோன்பு நாளில் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில், தராவீஹில் நிற்க வேண்டும் என்று வலி மாத்திரை போடுவது கிட்னிக்குக் கூடுதல் சுமை. ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கும் இதே வார்த்தை.

அல்சர் என்றால் கவலையாலும் காரத்தாலும் வருவது என்று நாம் வளர்ந்தோம். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள், பெரும்பாலான அல்சருக்கு ஒரு கிருமிதான் காரணம் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் வயிற்றில் அழற்சி உண்டாவதைக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். அந்தக் கிருமி இருந்தால் கேஸ் மாத்திரை மட்டும் எத்தனை வருஷம் போட்டாலும் அது போகாது. ஆன்டிபயாடிக்குகளோடு சேர்த்து, வழக்கமாக 14 நாள் மருந்து உண்டு. ஒருநாள் விடாமல் முடிக்க வேண்டும். அந்தக் கிருமிப் பரிசோதனைக்கு முன்னால் கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். நிறுத்தச் சொல்லியிருக்கிறாரா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

வேறு சில அறிகுறிகள் இருந்தால் எந்த மாத்திரையும் போட்டு மறைக்காதீர்கள். சாப்பாடு தொண்டையில், நெஞ்சில் சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்து ஒட்டும் மலம், ரத்தசோகை, 55 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வயிற்றெரிச்சல். புற்றுநோய் இருந்தால்கூட இந்த மாத்திரை எரிச்சலைக் கொஞ்ச காலம் அடக்கி வைக்கும். அந்தக் கொஞ்ச காலம்தான் வைத்தியம் செய்ய வேண்டிய காலம். எண்டோஸ்கோப்பிக்குப் பயப்படாதீர்கள். பெண்கள் பெண் டாக்டர் வேண்டும் என்றால் டிரஸ்டில் சொல்லுங்கள், ஏற்பாடு செய்ய முயல்கிறோம். வெட்கத்தால் தள்ளிப்போட வேண்டாம்.

சபரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து யாராவது வளைகுடாவுக்குப் போனால், ஆறு மாதத்துக்கு மாத்திரை கட்டிக் கொடுத்தனுப்புகிறோம். அங்கே கேம்பில் டூட்டி முடிந்து ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பிட்டு, அப்படியே படுக்கிற பிள்ளைக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? மாத்திரை அனுப்புவதோடு, அங்கே ஒரு டாக்டரைப் பார்க்கவும் சொல்லுங்கள். அனுப்பினால் அட்டையைப் பிரிக்காமல், சீட்டோடு அனுப்புங்கள்.

ரமளானுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்த மாதம் இந்தத் தலைப்பை எடுத்தோம்.

ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போடுகிறவர்கள் ஸஹருக்கு எழுந்தவுடன் போட்டுவிட்டு, தஹஜ்ஜுத் தொழுது, அடுப்பைக் கவனித்து, அரை மணி கழித்து ஸஹர் சாப்பிடலாம். கடைசி நிமிஷத்தில் எழுந்து அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது நடக்காது. அவர்கள் இஃப்தாரில் பேரீச்சம்பழம், தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, மஃரிபைத் தொழுதுவிட்டு வந்து, அரை மணி கழித்துக் கஞ்சியில் உட்காரலாம். காலை, இரவு இரண்டு வேளை எழுதியிருந்தால் இரண்டு முறையும். எது உங்களுக்குச் சரி என்று நோன்பு தொடங்குவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு 3-ல் வந்து கேட்கிறவர்கள்தான் அதிகம்!

அல்சர் ஆறாமல் இருப்பவர்கள், சமீபத்தில் ரத்தக் கசிவு வந்தவர்கள் நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை இருக்கிறது. கழாவா, ஃபித்யாவா என்பதை இமாமிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

சமோசா, வடை, பஜ்ஜியைக் கஞ்சியோடு குறைத்துக்கொள்ளுங்கள். ஒழித்துவிடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, எனக்கும் முடியாது. ஆனால் தராவீஹ் முடிந்து வந்து மறுபடி பரோட்டாவும் கறியும் சாப்பிட்டுப் படுப்பதை விடலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் வேண்டும். ஸஹர் சாப்பிட்டுவிட்டு ஃபஜ்ர் தொழுததும் படுக்கிறோம், அங்கேதான் பலருக்கு எரிச்சல் தொடங்குகிறது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கலோ மரக்கட்டையோ வைத்து அரையடி உயர்த்துங்கள். தலையணை மேல் தலையணை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் ஏறும். சஹனில் நான்கு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு சாப்பிட்டோம் என்று கணக்கே தெரியாது. அதில் பரக்கத்தும் உண்டு, பாசமும் உண்டு. எழுந்திருக்கிற நேரம் மட்டும் நம் கையில் இருக்கட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

(பெண்கள் பகுதியிலிருந்து வந்த துண்டுச் சீட்டு: கேப்சூல் உறையில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது என்கிறார்களே, போடலாமா?)

உறை பெரும்பாலும் ஜெலட்டினில் செய்வது. ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது, எந்த விலங்கு என்று அட்டையில் இருக்காது. தாவரப் பொருளில் செய்த உறைகளும் உண்டு. ஆனால் நீங்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டாம். பான்டோப்ரசோல், ரபெப்ரசோல் இரண்டும் கேப்சூல் இல்லாமல் வெறும் மாத்திரையாகவே கிடைக்கின்றன. “எனக்கு மாத்திரையாக எழுதுங்கள்” என்று டாக்டரிடம் சொன்னால் போதும். ஒரு சகோதரி உறையைப் பிரித்து, உள்ளே உள்ள குருணையை மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குருணையின் மேல்தான் பூச்சு இருக்கிறது, மென்றால் மருந்து வீண். மாற்று கிடைக்காத மருந்து என்றால் ஆலிமிடம் கேளுங்கள், அதுவரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

(ரானிடிடின் பழைய மருந்து, அதுவே போதும் என்கிறார் என் வாப்பா.)

அதில் புற்றுநோய் உண்டாக்கக் கூடிய ஒரு மாசு சேர்கிறது என்று 2020-ல் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். அதே வகையில் ஃபாமோடிடின் இருக்கிறது, அந்தப் பிரச்சினை இல்லாதது. வாப்பாவை டாக்டரிடம் கூட்டி வாருங்கள்.

(மாசமாக இருக்கும் பெண்களுக்கு நெஞ்செரிச்சல் அதிகமாக இருக்கிறதே?)

முதலில் சாப்பாட்டைப் பிரித்துப் பிரித்துக் கொஞ்சமாகச் சாப்பிடுவது, தலைப்பக்கம் உயர்த்துவது. அதிலும் அடங்காவிட்டால் மகப்பேறு டாக்டர் எழுதித் தருவதை மட்டும். மாமியார் போடுகிற மாத்திரையில் ஒன்று எடுத்துப் போடக் கூடாது.

(வலப்பக்கம் படுப்பது சுன்னத். இடப்பக்கம் படுக்கச் சொல்கிறார்களே?)

எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு இடப்பக்கம் படுத்தால் வயிற்றின் அமைப்பினால் அமிலம் மேலே ஏறுவது குறையும், அது உண்மை. மார்க்கம் பற்றிய விளக்கத்தை ஹஜ்ரத் சொல்வார்கள். தூங்கிய பிறகு எந்தப் பக்கம் புரள்கிறோம் என்பது நமக்கே தெரியாது. கட்டிலை உயர்த்திவிட்டால் பாதிச் சிரமம் குறையும்.

ரமளானுக்கு முன்னால் வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும், அஸருக்குப் பிறகு, நம் டாக்டரும் நானும் மருந்தகத்தில் இருப்போம். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும், பழைய அட்டை, காலி அட்டை, கவுண்டரில் கத்தரித்துக் கொடுத்த துண்டு அட்டை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சீட்டு இருந்தால் சீட்டும். மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்: இது எதற்கு, யார் எழுதியது, எப்போது முடிய வேண்டும் என்று. படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு டோக்கனில் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுங்கள், நாங்களே வருகிறோம். கட்டணம் இல்லை.